அரை மாத்திரை

காலையில் முகம் கழுவும்போது அவள் கணவர் பாடினார். பெரிய பாட்டு ஒன்றும் இல்லை. சோப்பு நுரையோடு மூக்கால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். வேறு வீடாக இருந்தால் யாரும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். இவளோ கையிலிருந்த கரண்டியை அப்படியே போட்டுவிட்டுப் போய்க் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, பாட்டு எத்தனை நிமிஷம் ஓடுகிறது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டரை நிமிஷம் ஓடியது.

சந்தேகப்படுவதுதான் அவளுக்குத் தொழில். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் குறை பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். தையல் விட்டிருக்கிறதா, காலர் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்று நாளெல்லாம் சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, குறை தெரிந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட வேண்டும். குறையே இல்லாத சட்டை வந்தால் அவளுக்குச் சந்தோஷம் வராது, எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கிறது என்றுதான் தோன்றும். அந்தக் கண்ணோடுதான் வீட்டுக்கும் வருவாள். அதைக் கழற்றி மாட்டிவிட்டு வர அங்கே ஆணியா அடித்து வைத்திருக்கிறார்கள்?

எட்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணப் பேச்சு நடந்தபோதே கணவரின் அக்கா எதையும் மறைக்கவில்லை. அந்த விஷயத்தில் நாத்தனாரைக் குறை சொல்லவே முடியாது. தம்பிக்கு இருமுனை மனநோய் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள். புத்தி ஒரு சமயம் தறிகெட்டு மேலே ஏறும், ஒரு சமயம் கிணற்றுக்குள் இறங்கும். தம்பி புத்தக பைண்டர். ஒரு தடவை ஏறினபோது ஒன்பது நாள் கண்ணை மூடவில்லை. அச்சகத்துக்கு வந்திருந்த முந்நூறு புத்தகத்தை, சமையல், சட்டம், கணிதம் என்று பார்க்காமல் பிரித்துப் போட்டு, ஒரே புத்தகமாகச் சேர்த்துத் தைக்க உட்கார்ந்துவிட்டார். "எல்லாம் ஒரே விஷயம்தான், யாருக்கும் புரியல" என்று சொல்லிச் சொல்லித் தைத்தாராம். நாலு பேர் பிடித்துத்தான் ஆஸ்பத்திரியில் சேர்க்க முடிந்தது.

"இப்ப மாத்திரையில நல்லா இருக்கான். ஒரு சத்தம் கிடையாது. வச்ச இடத்துல இருப்பான்" என்றாள் நாத்தனார்.

அது உண்மைதான். வைத்த இடத்தில் இருந்தார். சாப்பிடு என்றால் சாப்பிட்டார், வா என்றால் வந்தார். குடித்துவிட்டுக் கத்துகிற அப்பாவோடு வளர்ந்தவளுக்கு இப்படி ஒரு வீடு கிடைத்ததே பெரிய விஷயமாக இருந்தது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. பேச்சும் இல்லைதான், எல்லாமுமா கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வினை புது டாக்டர் உருவத்தில் வந்தது. பழையவர் ஓய்வுபெற்றுவிட, அந்த நாற்காலியில் கான்வாஸ் ஷூ போட்ட ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனவள் கடைசிச் சீட்டில் நின்றாள். அங்கே இரண்டு மருந்து இருந்தது. ஒன்று மனசை நிலையாக வைத்திருப்பது, அது எப்போதும் வேண்டும். இன்னொன்று தூக்க மாத்திரை. அதற்குப் பக்கத்தில் 'இரண்டு வாரம்' என்று எழுதியிருந்தது.

"பதினோரு வருஷமாச்சு. அந்த ரெண்டு வாரம் இன்னும் முடியலையா?" என்று கேட்டாள் டாக்டர்.

யாரும் தப்புப் பண்ணவில்லை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுதினார், அவ்வளவுதான். பெரிய மருந்து அப்படியே இருக்கட்டும், தூக்க மாத்திரையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம் என்றாள் டாக்டர். ஒன்றிலிருந்து முக்கால், அப்புறம் அரை. அதற்கே ஆறு மாதம் ஆகும், அவசரமே கூடாது. தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போனால் உடனே போன் பண்ண வேண்டும். தினமும் தூங்கின நேரம், மனநிலைக்கு ஒரு மதிப்பெண் என்று அவரே எழுதிவர ஒரு அட்டையும் கொடுத்தாள்.

முக்கால் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அரைக்கு வந்ததும் ஆரம்பித்தது கூத்து.

முதலில், "உனக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று கேட்டார். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துக் கேட்கிற கேள்வியா இது? அடுத்த வாரம் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளிவைத்தார்.

"இதுல எத்தனை ஸ்பூன் சர்க்கரை போடறே?"

"ரெண்டு. எப்பவும் போடறதுதானே?"

"எனக்குச் சர்க்கரை போட்ட டீ பிடிக்காதும்மா."

"எட்டு வருஷமா குடிச்சீங்களே!"

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். சத்தம் போட்டு, பல் தெரிய. அந்தப் பல் வரிசையை அவள் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தாள். கடைவாயில் ஒரு பல் இல்லை. இவர் யார், யாரோடு இத்தனை நாள் குடித்தனம் பண்ணினோம் என்று அவளுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

அன்றைக்கே நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"பாடறாரா?" என்றாள் நாத்தனார், வேறெதுவும் கேட்கும் முன்னால்.

"மூக்கால பாடறாரு அண்ணி. ரெண்டரை நிமிஷம்."

"அப்ப அதேதான். போன தடவையும் பாட்டுலதான் ஆரம்பிச்சான். பார்த்துக்க, நான் பட்டவ சொல்றேன்."

அதிலிருந்து இரண்டு பெண்களும் அந்த மனுஷனைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார்கள். ஒருத்தி பக்கத்திலிருந்து, ஒருத்தி போனிலிருந்து. பக்கத்து வீட்டுக்காரரிடம் கால் மணி நேரம் பேசினாரா, அது அதிகப் பேச்சு. பேசாமல் வந்தாரா, எதையோ மறைக்கிறார். ஜன்னல் கம்பிக்குச் சாயம் அடித்தாரா, வேகம் பிடிக்கிறது. ஏழு மணி நேரம் தூங்கினாரே என்றால், தூங்குகிற மாதிரி நடிக்கிறாரோ? மனுஷன் பிறகு எப்படித்தான் மூச்சு விடுவது!

சந்தேகத்துக்குத் தீனி போடவும் அவர் தவறவில்லை. எட்டரை மணி வேலைக்கு ஏழு மணிக்கே கிளம்ப ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டால், "சும்மா, நடந்து போறேன்" என்றார். பைண்டிங் மேஜையில் பசை தடவுகிறவருக்குக் கையில் பசை வாடைதான் வரும். இப்போதோ சட்டைக் கையில் மெஷின் எண்ணெய்க் கறை. அவள் அந்தக் கறையை மோந்துகூடப் பார்த்தாள். போன் வந்தால் எழுந்து வாசல் பக்கம் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். ஒருநாள் கதவோரம் நின்று கேட்டதில், "வீட்டுல இன்னும் சொல்லல, அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்ற இரண்டு வார்த்தை மட்டும் காதில் விழுந்தது.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"டாக்டர்கிட்ட சொல்லட்டுமா அண்ணி?"

"அந்தப் பொண்ணு அவனை ஏறின நிலையில பார்த்திருக்கா? 'ஏழு மணி நேரம் தூங்கறாரே, விடுங்க'ன்னுதான் சொல்லுவா. ஒன்பது நாள் அவனைக் கட்டிப் பிடிச்சிட்டுக் கிடந்தவ நானு. மிச்ச மாத்திரை இருக்கில்ல? குறைச்ச அந்த அரையை டீயில போட்டுடு. புதுசா ஒண்ணும் விஷம் குடுக்கலையே, பதினோரு வருஷமா சாப்பிட்டதுதானே?"

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. பழைய கைப்பைக்குள் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்தாள். மாத்திரையைப் பாதியாக உடைத்து, இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கி, சாயங்கால டீயில் கலந்தாள். கசப்புத் தெரியாமலிருக்க இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டாள். முதல் நாள் அவர் முகத்தைச் சுளித்து, "சர்க்கரை போட்டிருக்கே" என்றார். கை மறதி என்றாள். இரண்டாம் நாளும் சொன்னார். ஐந்தாம் நாள் அவர் சர்க்கரையைப் பற்றிக் கேட்கவில்லை.

வீடு பழையபடி அமைதியானது. பாட்டு நின்றது. கேள்வி நின்றது. ஒருநாள் நாற்காலியிலேயே வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். அவளுக்கு மனசு ஆறியது என்று சொன்னால் அது நிஜம். பாவி, அவள் அந்த வாரம்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

இரண்டாவது வாரத்தில் அவர் அட்டையில் போடும் மதிப்பெண்கள் இறங்க ஆரம்பித்தன. ஏழு, ஐந்து, நாலு. டாக்டரிடம் போய்வந்தார்கள். "குறைச்சு இவ்வளவு நாளைக்கப்புறம் இப்படி மந்தமா ஆகக் கூடாதே" என்று டாக்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தாள். இவள் மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு இரவு படுக்கும்போது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"மறுபடியும் கீழ இறங்கறேன் போலம்மா. ரெண்டு மாசம் தலை எவ்வளவு தெளிவா இருந்துச்சு தெரியுமா? எல்லாம் சும்மா வந்து காட்டிட்டுப் போயிடுச்சு."

தோள் குலுங்கியது. அழுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். உடனே அந்த முந்நூறு புத்தகம் கண் முன்னால் வந்து நின்றது. முதுகைத் தடவிக்கொடுத்துத் தூங்கவைத்தாள். மறுநாள் சாயங்காலமும் மாத்திரையை நசுக்கினாள்.

பதினெட்டாம் நாள், முற்பகல் பதினோரு மணிக்கு, அச்சகத்து மேஸ்திரியிடமிருந்து அவளுக்குப் போன் வந்தது. பைண்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர் அவர், இருபது வருஷப் பழக்கம்.

"தங்கச்சி, பதறாதீங்க. ஆளுக்கு ஒண்ணும் ஆகல. கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போங்க."

ஒன்றும் ஆகாததற்கா ஆள் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும்? பாதி பார்த்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம், நசுக்கிப் போட்டது போதவில்லை, மீறி ஏறிவிட்டது, எதைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறாரோ என்றுதான் அவள் புத்தி ஓடியது.

நீளமான கூடம். கொதிக்கிற பசை வாடை. தரையெல்லாம் காகித ஓரம் சுருள் சுருளாகக் கிடந்தது. கூடத்துக் கோடியில் ஆள் உயரத்துக்குக் காகிதம் வெட்டும் மெஷின். அதன் பக்கத்தில் தரையில் ஒரு குவியல். முதலில் வெறும் தாள் என்றுதான் நினைத்தாள். அட்டைப் படத்தைப் பார்த்தபிறகுதான் அவை புத்தகங்கள் என்று தெரிந்தது. பிள்ளைகளுக்கான பயிற்சிப் புத்தகங்கள், தாள் தாளாக.

"புத்தகத்துக்கு மூணு பக்கம்தான் வெட்டணும் தங்கச்சி," என்றார் மேஸ்திரி தாழ்ந்த குரலில். "தலை, அடி, எதிர்ப்பக்கம். முதுகுப் பக்கம் கத்தி போகவே கூடாது, அங்கதானே பசை போட்டுச் சேர்த்திருக்கு. இவர் முதுகைக் கத்திக்குக் கொடுத்துட்டாரு. ஒரு அடுக்கு இல்ல, ஆறு அடுக்கு. நூத்தைம்பது புத்தகம். ரெண்டு கையாலயும் ரெண்டு பொத்தானை அமுக்கினாத்தான் இந்தக் கத்தி எறங்கும், அதனால விரல் பிழைச்சுது."

"இவரு பசை மேஜையில இல்ல இருக்காரு? மெஷினுக்கு எப்ப வந்தாரு?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "வீட்டுல சொல்ல வேண்டாம்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி இவர்தான் இங்க கட்டர். மாத்திரை சாப்பிடறவரை மெஷின்ல விடக் கூடாதுன்னுதான் பசைக்கு மாத்தினோம். ரெண்டு மாசம் முன்னாடி வந்து, அண்ணே, இப்பத் தலை தெளிவா இருக்கு, டாக்டரும் சரின்னு எழுதிக் குடுத்திருக்காங்க, ஒரு தடவை பாருங்கன்னாரு. தினம் ஏழரைக்கே வந்து கழிவுத் தாளை வச்சு வெட்டிப் பழகினாரு. அடேயப்பா, கையா அது! மூணு மாசம் தப்பில்லாம வெட்டிட்டு அவகிட்ட சொல்றேன், இப்பச் சொன்னா பயந்துடுவான்னாரு. போன மாசம் வரைக்கும் ஒரு நூல் பிசகல. இந்த ரெண்டு வாரமாத்தான் நின்னுட்டே கண் சொருகுறாரு."

எண்ணெய்க் கறை, ஏழு மணி, தாழ்ந்த குரல் எல்லாம் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. எதையும் தப்பாகப் பார்க்காத கண் என்று பெயர் வாங்கிய கண் அது.

அவர் பசை மேஜை ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை.

"வந்துட்டியா," என்றார். "நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம். முழு மாத்திரையே குடுங்கன்னு சொல்லிடறேன். அது இல்லாம என்னால முடியாதும்மா. மாத்திரை மேல தப்பே இல்ல, என் தலைதான் அவ்வளவுதான். இனிமே சாகற வரைக்கும் குறைக்கறதைப் பத்திப் பேச வேண்டாம். அண்ணே, என்னைப் பசையிலயே விட்டுடுங்க."

இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் அவள் கேட்டபடியே முடிந்துவிடும். அமைதியான வீடு, வைத்த இடத்தில் இருக்கிற கணவர், டாக்டர் சீட்டோடு முழு மாத்திரை. யாருக்கும் தெரியவே தெரியாது. அந்த எண்ணம் வந்ததுமே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"நீங்க சாப்பிட்டது அரை இல்லைங்க," என்றாள். "முழுசு. மிச்ச அரையை நான் டீயில போட்டேன்."

பக்கத்தில் தாள் மடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கையை நிறுத்தினார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"பதினெட்டு நாளா."

அவர் உதடு அசைந்தது. பின்னோக்கி எண்ணுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. எண்ணி முடித்ததும் எழுந்தார். ஸ்டூல் பின்னால் உருண்டது.

"பதினெட்டு நாளா நான் செத்துட்டு இருந்தேனேடி! புத்தி மழுங்கிப் போச்சுன்னு சுவரைப் பார்த்து அழுதேனே, பக்கத்துலதானே படுத்திருந்தே? முதுகைத் தடவிக் குடுத்தியே, அந்தக் கையாலதானே கலக்கினே? டாக்டர் நெத்தியைச் சுருக்கினாங்களே, அப்பவாவது வாயைத் திறந்தியா? கை போயிருந்தா? என் கை போயிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

கூடம் முழுக்க அதிர்ந்தது. எட்டு வருஷத்தில் அவரிடமிருந்து வந்த முதல் கத்தல். அப்பாவின் கத்தலுக்குப் பழகிய அவள் உடம்பு தானாகச் சுருங்கியது. அவள் கண்ணோ அந்த நேரத்திலும் தன் வேலையை விடவில்லை. குரல் உயர்ந்திருக்கிறது, கண் சிவந்திருக்கிறது, மூச்சு விடாமல் பேசுகிறார் என்று ஒவ்வொன்றாக ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே போனது.

மேஸ்திரி அவள் காதோரம் குனிந்தார். "தங்கச்சி, ஏறுது போல இருக்கே. பையில மாத்திரை ஏதாச்சும் இருக்கா? தண்ணி கொண்டாரச் சொல்லவா?"

இருந்தது. பதினெட்டு நாளாக அது அவள் கைப்பையை விட்டு இறங்கவே இல்லை. ஜிப்பைத் திறந்தாள். விரல் மாத்திரை அட்டையின் நுனியில் பட்டது. நல்லவர்தான் மேஸ்திரி, அவரைவிட அந்த மனுஷனுக்கு வேண்டியவர் அங்கே யாரும் இல்லை. அந்த நல்ல மனுஷன் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தபோதுதான் தானும் நாத்தனாரும் இத்தனை நாள் என்ன செய்தோம் என்பது அவளுக்கு முழுசாக உறைத்தது. அவர் சிரித்தால் நோய். பேசினால் நோய். துரோகம் செய்தவளைப் பார்த்துக் கத்தினாலும் நோய்.

"வேண்டாம் அண்ணே," என்றாள். "இது அது இல்ல. அவர் கத்தட்டும். யாரும் கிட்ட போகாதீங்க."

பைக்குள்ளிருந்து போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நின்ற இடத்திலிருந்தே, எந்த நாளிலிருந்து, எவ்வளவு, எதில் கலந்தேன் என்று ஒன்றையும் விழுங்காமல் சொன்னாள். நாத்தனார் பெயரை இழுக்கவில்லை. கலந்தது அவள் கைதானே?

பிறகு டாக்டர், "இன்னைக்கு நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, கூட்டவும் வேண்டாம். திடீர்னு நிறுத்தறது ஆபத்து. இன்னைக்குச் சாயங்காலமே ரெண்டு பேரும் வாங்க, எப்படிக் குறைக்கறதுன்னு நான் சொல்றேன். மெஷின் பக்கம் அவர் இப்போதைக்குப் போக வேண்டாம்" என்றாள். குரலில் கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது. "அவர் இப்ப எப்படி இருக்கார்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கத்தி முடித்திருந்தார். வெட்டுப்பட்ட தாள்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தூக்கம் துளிகூட இல்லை.

"கோவமா இருக்காரு டாக்டர்."

"எவ்வளவு? வழக்கத்தைவிட அதிகமாவா?"

"இல்ல டாக்டர்," என்றாள். "இருக்க வேண்டிய அளவுக்கு இருக்காரு."